செயலாளர் வீட்டு நம்பர்

கப்பல் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் மரகதம் பையைத் தூக்கிக்கொண்டு போர்ட் பிளேர் அபர்டீன் பஜாருக்கு ஓடியதுதான் வினையாகப் போயிற்று. கடல் சரியில்லை என்று சொல்லி மெயின்லேண்டிலிருந்து கப்பல் வராமல் கிடந்ததில், மின்னி பே பக்கம் எந்தக் கடையிலும் தக்காளி கண்ணில் படவில்லை. புளியைக் கரைத்து, தேங்காயை அரைத்து, எத்தனை நாளைக்குத்தான் ஒப்பேற்றுவது? பஜாரில் கூடையைச் சுற்றி வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் ஒரே இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குள் புகுந்து முட்டி மோதித் தக்காளி வாங்கி, மீன்காரியிடம் பேரம் பேசி ஒரு துண்டு சூரையும் வாங்கி, பஸ்ஸுக்கு நிற்கும்போது பிடித்துக்கொண்டது மழை. ஆட்டோக்காரன் எவனும் நின்றால்தானே. தொப்பலாக நனைந்து, கரண்ட் போய் லிஃப்டும் படுத்துவிட்டதால் மூன்று மாடியையும் முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறி வந்து, தன் வீட்டு வாசலில் பையை வைத்துவிட்டு நம்பரை அமுக்கினாள்.

“கலத் பாஸ்வேர்ட். கிருப்யா ஃபிர் சே கோஷிஷ் கரேன்” என்றாள் பூட்டுக்குள் இருந்தவள்.

நம்பர் தப்பு, மறுபடி முயற்சி செய் என்கிறாள். குரல் மட்டும் தேன். அந்தப் பூட்டு, மகன் அஸ்வின் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பியது. உப்புக்காற்றில் சாதாரணப் பூட்டெல்லாம் துருப்பிடித்து, தேங்காய் எண்ணெய் விட்டால்கூடத் திரும்ப மறுக்கிறது என்று அப்பா போனில் புலம்பினாராம். உடனே பிள்ளை, பேட்டரியில் ஓடும், சாவியே வேண்டாத பூட்டை அனுப்பிவிட்டான். சரியான நம்பரை அமுக்கினால் “ஸ்வாகத் ஹை” என்பாள் அந்தப் பெண். என் வீட்டுக்கு என்னை நீ என்னடி வாங்கன்னு கூப்பிடுறது என்று மரகதம் தினமும் அவளைத் திட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

மறுபடி அமுக்கினாள். மறுபடி தப்பு. அப்போதுதான் இன்றைக்கு முதல் தேதி என்பது உறைத்தது.

“அடக் கடவுளே, நம்பர மாத்தித் தொலைச்சிட்டாகளே” என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

மாற்றச் சொல்லி விதி போட்டது வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர் உதயசூரியன்தான். பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கோடு கோணினால் சாப்பாடு இறங்காது. கட்டடச் சங்கத்துக்குச் செயலாளர் வேலையை அவர் தலையில் கட்டிய நாளிலிருந்து மரகதத்துக்கு நிம்மதி போயிற்று. முதலில் அவர்கள் வீட்டில் மட்டும் இருந்த நம்பர் பூட்டு, அதைப் பார்த்து ஒவ்வொரு வீடாகத் தொற்றிக்கொண்டது. இரண்டாவது மாடி அருண்பிரசாத், காண்டிராக்டர். தன் வீடு போக இன்னொரு ஃப்ளாட்டையும் வாங்கி, டூரிஸ்ட்டுகளுக்கு விட்டான். நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான். வருகிறவன் யாரென்று கண்ணால்கூடப் பார்க்க மாட்டான். ஒரு தடவை ஹேவ்லாக் தீவுக்குப் போய்த் திரும்பிய கும்பல் ஒன்று மாடி மாறி வந்து, மரகதம் வீட்டுக் கதவில் நம்பரை அமுக்கோ அமுக்கு என்று அமுக்க, உள்ளே அவளுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

அவ்வளவுதான், உதயசூரியன் உட்கார்ந்து விதிமுறை எழுதிவிட்டார். சாவியில்லாப் பூட்டு வைத்திருக்கும் எல்லா வீட்டாரும் முதல் தேதிதோறும் நம்பரை மாற்ற வேண்டும். பிறந்த தேதி கூடாது, கல்யாணத் தேதி கூடாது, வண்டி நம்பர், போன் நம்பர், ஃப்ளாட் நம்பர் எதுவும் கூடாது. எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. படிக்கட்டில் நின்று சொல்லக் கூடாது. அவசரத்துக்குத் திறக்கப் பூட்டோடு வரும் மாற்றுச் சாவியை அக்கம்பக்கத்தில் கொடுத்து வைக்கக் கூடாது, சங்கச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் மரகதத்துக்கு ஆறவே இல்லை. அதுவரை அந்தக் கட்டடத்துச் சாவியெல்லாம் அவள் அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. லீவுக்கு மெயின்லேண்ட் போகிறவர்கள், கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள், எல்லாரும் கப்பலேறுமுன் அவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் போய் ஜன்னலைத் திறந்து வைப்பாள், துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், அரிசியில் வண்டு விழுந்தால் வெயிலில் பரப்புவாள். அவள் வீட்டுச் சாவி கீழ்வீட்டு லூசியிடம் இருக்கும். விதி வந்த அன்றே உதயசூரியன் லூசி வீட்டுக்குப் போய்ச் சாவியைத் திருப்பி வாங்கி, ஆணியில் இருந்ததையும் கழற்றி, எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். செயலாளர் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும்? செயலாளரிடம். அந்தச் செயலாளர் இப்போது கதவுக்கு உள்ளே.

“ஏங்க” என்று கதவைத் தட்டினாள். “ஏங்க, கதவத் திறங்க. நம்பர் தெரியல.”

பதில் இல்லை. குளியலறையில் இருப்பார் என்று நின்றாள். போன் போட்டாள். உள்ளே அடித்து அடித்து ஓய்ந்தது. அப்போதுதான் காலையில் நடந்தது வரிசையாக ஞாபகம் வந்தது.

அவள் கிளம்பும்போது இன்சுலின் ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். “இட்லி ஹாட் பாக்ஸ்ல இருக்கு. தேங்காச் சட்னி கிண்ணியில மூடி வச்சிருக்கேன். போட்டதும் சாப்பிட்ருங்க” என்றாள். “நீ போயிட்டு வா, பாத்துக்கறேன்” என்றார். அவர் தானாகத் தட்டை எடுத்து இட்லியை வைத்துச் சாப்பிட்ட சரித்திரம் உண்டா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். தக்காளி ஆசை கண்ணை மறைத்துவிட்டது. இரண்டு படி இறங்கியதும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“மரகதம், நம்பர் மாத்திட்டேன்.”

“சொல்லுங்க.”

எதிர்வீட்டு ஷீலா குடையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள். வங்காளி, தமிழில் ஒரு எழுத்து தெரியாது. அப்படியும் உதயசூரியன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “படிக்கட்டுல வச்சுச் சொல்லக் கூடாது. வந்தப்புறம் சொல்றேன். இந்தத் தடவ மறக்காத நம்பரா வச்சிருக்கேன்.”

போன மாதம் வைத்த நம்பரை அவரே மறந்துபோய், மரகதம் கோயிலிலிருந்து வரும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தி ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார். ரோஷக்காரர், அதைப் பற்றி அவள் வாயே திறக்கக் கூடாது. அதனால்தான் அவளும் சரி என்று போய்விட்டாள்.

வராந்தா பக்கத்து ஜன்னல் ஒரு விரல்கடை திறந்திருந்தது. கொசு வலைக்கும் கிரில்லுக்கும் நடுவே கண்ணை வைத்துப் பார்த்தாள். சாய்வு நாற்காலியின் முதுகு தெரிந்தது. ஒரு கை பக்கத்தில் தொங்கியது. சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. சாப்பாட்டு மேசையில் ஹாட் பாக்ஸ் மூடியபடியே இருந்தது.

“லூசி” என்று மரகதம் போட்ட சத்தம் கீழ்வீடு வரைக்கும் போயிற்று.

லூசி கையில் மீன் செதிலோடு ஓடிவந்தாள். தூத்துக்குடிப் பக்கம். புருஷன் அந்தோணிமுத்து மீன்பிடி போட் வைத்திருக்கிறார். மகன் மார்ட்டின் வெல்டிங் பட்டறை. வந்தவள் ஜன்னலில் பார்த்தாள்.

“அண்ணன் தூங்குதாவளோ என்னமோ.”

“ஊசி போட்டுட்டுச் சாப்பிடாமக் கெடக்காக லூசி. சீனி எறங்கிருச்சு. போன வருஷம் இப்பிடித்தான் பஸ்ஸுல வச்சு எறங்குச்சு, கண்டக்டர் மிட்டாய் கொடுத்துப் பொழைச்சாக. இப்ப யாரு கொடுப்பா?”

“அப்ப கதவத் திறக்கா.”

“நம்பர் தெரியாது.”

“ஒன் வீட்டு நம்பரு ஒனக்குத் தெரியாதா?”

“கேக்காத லூசி. எரிச்சலக் கிளப்பாத.”

லூசி மார்ட்டினுக்குப் போன் போட்டாள். மழையில் நனைந்துகொண்டே அவன் கட்டிங் மெஷினோடு வந்து சேர்ந்தான். வந்த பிறகுதான் பிளக் பாயிண்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

“கரண்ட் இல்லியே பெரியம்மா.”

“இது எங்களுக்குத் தெரியாதா? கடப்பாரையப் போட்டு நெம்பு.”

“இது படாக் மரம் பெரியம்மா. பெரியப்பா பாத்துப் பாத்துச் செஞ்சது. கடப்பாரதான் வளையும். பூட்டு வேற மேலயும் கீழயும் உள்ளுக்குள்ள கம்பி விட்டுருக்கும்.”

“அப்ப கிரில்ல அறு.”

“கை ரம்பத்தால அறுத்தா நேரமாகும். நானே போட்ட கிரில்லு. கெட்டியா இருக்கணும்னு பெரியப்பா நின்னு பாத்து வாங்குனாரு” என்று சொல்லிக்கொண்டே ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தான். கிரீச் கிரீச்சென்று சத்தம்தான் வந்தது. கம்பியில் ஒரு கீறல் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஷீலா வெளியே வந்து பார்த்துவிட்டு, தீயணைப்புக்குப் போன் செய்தாள். இந்தியில் நிறையப் பேசி, கடைசியில் மரகதத்திடம் சொன்னாள். “தீதி, காடி ஆ ரஹீ ஹை. மகர் ராஸ்தே மே பேட் கிரா ஹை.” வண்டி வருகிறதாம், ஆனால் வழியில் மரம் விழுந்து கிடக்கிறதாம். இந்த ஊரில் நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஒரே வாயில்தான் வரும்.

அருண்பிரசாத் லுங்கியோடு இரண்டாவது மாடியிலிருந்து ஏறி வந்தான். “அஸ்வினுக்குப் போன் போடுங்க ஆண்ட்டி. ஆப்ல அங்கருந்தே திறக்கலாம்.”

போட்டாள். அஸ்வின் மீட்டிங்கில் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் குரல் உடைந்துவிட்டது. “அம்மா, வைஃபை இல்லாம ஆப் வேலை செய்யாதும்மா. கரண்ட் இல்லைன்னா வைஃபை ஏது? இரும்மா, கம்பெனிக்குப் பேசறேன்.”

பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். “அவங்க நம்பர மாத்தித் தரேன்னு சொல்றாங்கம்மா. ரெஜிஸ்டர் பண்ண போனுக்கு ஓடிபி வருமாம், அத மட்டும் சொல்லணுமாம்.”

“எந்தப் போனுக்கு?”

அவன் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள்ளே டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் உதயசூரியனின் போன் ஒளிர்ந்து அணைந்தது. எல்லாரும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார்கள். கொசு வலையைக் கிழித்துக் கையை விட்டாலும் எட்டாத தூரம்.

“வந்துருச்சாம்மா?” என்றான் அஸ்வின்.

“வந்துருச்சுப்பா. உள்ள வந்துருச்சு. நாங்கதான் வெளிய இருக்கோம்” என்றாள் மரகதம். “ஒங்கப்பாவுக்கும் ஒனக்கும் பூட்டு வாங்கவும் விதி போடவும்தான் தெரியும். போன வை.”

அருண்பிரசாத் ஜன்னலிலிருந்து முகத்தை எடுத்தான். “ஆண்ட்டி, அங்கிள் என்ன நம்பர் வைப்பாரு? கொஞ்சம் யோசிங்க.”

“மறக்காத நம்பர்னாக.”

“அப்ப கல்யாண நாள்தான்.”

மரகதம் அமுக்கினாள். கலத் பாஸ்வேர்ட்.

லூசி இருக்கிற இருப்பிலும் அவள் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். “பாக்காத லூசி. அது அவுகளுக்கு ஞாபகம் இருந்திருந்தா நானே அதிசயப்பட்டிருப்பேன்” என்றாள் மரகதம். அஸ்வின் பிறந்த தேதியை அமுக்கினாள். தப்பு. வேலையில் சேர்ந்த தேதியை அமுக்கினாள். மனுஷனுக்குக் கல்யாணத்தைவிட அதுதான் பெரிது. அதுவும் தப்பு. பூட்டில் சிவப்பு விளக்கு எரிந்து, அது மௌனமாகிவிட்டது. நிறையத் தடவை தப்பாகப் போட்டால் கொஞ்ச நேரத்துக்குப் பேசாதாம். கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி இருந்தது அது.

மரகதம் ஜன்னலுக்குப் போய் வாயைக் கம்பியில் வைத்துக் கத்தினாள். “என்னங்க, கேக்குதா? நம்பரச் சொல்லுங்க. படிக்கட்டுல வச்சுச் சொன்னா ஒண்ணும் ஆகாது. யாரும் ஒங்க வீட்டக் கொள்ளையடிச்சுட்டுப் போகப் போறதில்ல.”

தொங்கிய கையில் விரல் ஒன்று அசைந்தது. உதடு என்னவோ முணுமுணுத்தது. நம்பரா வேறு எதுவுமா என்று காதில் விழவில்லை. மூச்சு இருக்கிறது. அது ஒன்றுதான் ஆறுதல்.

சிவப்பு விளக்கு அணைந்ததும் மரகதம் மறுபடி கதவுக்கு வந்தாள். ஒரு தேதி பாக்கி இருந்தது. அதை அமுக்கவா வேண்டாமா என்று விரல் தயங்கியது. விசாலி பிறந்த தேதி.

விசாலாட்சி அவர்களின் மூத்த பெண். அப்போது கார் நிக்கோபாரில் அவருக்கு வேலை. மரகதம் அஸ்வினுக்குக் காதில் ஆபரேஷன் என்று அவனைத் தூக்கிக்கொண்டு போர்ட் பிளேர் வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸுக்கு ஆடுவதற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், வர மாட்டேன் என்று பெண் அப்பாவோடு இருந்துகொண்டது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அவர் மட்டும் தென்னை மரத்தைப் பிடித்துப் பிழைத்தார். ஏர்ஃபோர்ஸ் விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். வந்து இறங்கியவர் பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகு இத்தனை வருஷமாகவும் இல்லை. ஃபோட்டோவை மாட்ட விடவில்லை. டிசம்பரில் அந்தத் தேதி வந்தால் விடியும்முன் எங்கேயோ கிளம்பிப் போய்விட்டு இருட்டியதும் வருவார். மரகதம் ஒற்றையாக உட்கார்ந்து அழுது முடித்திருப்பாள். சாப்பாடு போடுவாள், சாப்பிடுவார். ஆம்பளை, துடைத்துப் போட்டுவிட்டார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு விஷயத்தில் அவரை அவள் மன்னிக்கவே இல்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் சோறாக்கிப் போட்டாள், அவ்வளவுதான்.

அமுக்கினாள்.

“கலத் பாஸ்வேர்ட். கிருப்யா ஃபிர் சே கோஷிஷ் கரேன்.”

“அதுவும் இல்லையாம்” என்றாள் மரகதம் யாருக்கும் இல்லாமல். நனைந்த முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “புள்ள பொறந்த நாளும் ஞாபகத்துல இல்ல மனுஷனுக்கு.”

மார்ட்டின் அறுப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான். லூசி பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்தாள். கை மீன் கவுச்சியடித்தது.

“யக்கா, பொறந்த தேதி வைக்கக் கூடாதுன்னு அண்ணந்தானே எழுதிப் போட்டுருக்காவ. அவிய போட்ட விதிய அவியளே மீறுவாவளா?”

“அப்ப என்ன எழவத்தான் வச்சாக?”

லூசி கொஞ்சம் தயங்கினாள். “எங்க வீட்டு நம்பரச் சொல்லட்டா?”

“ஒங்க வீட்டு நம்பரு எனக்கு எதுக்குடி இப்ப?”

“பொறந்த தேதி கூடாது, கல்யாணத் தேதி கூடாது, வண்டி நம்பர் கூடாதுன்னுட்டாவ. எழுதியும் வைக்கக் கூடாது. நானும் இவரும் ஒக்காந்து யோசிச்சோம். மறக்காத நம்பருன்னா எங்களுக்கு வேற என்ன இருக்கு? ஹட் பேல கடல் வந்தப்ப எங்க அண்ணன் போட்டோட போனானே, அந்தத் தேதிதான் வச்சோம். ரெண்டு ஆறு ஒண்ணு ரெண்டு, சைபர் நாலு.”

மார்ட்டின் ரம்பத்தைக் கீழே வைத்தான்.

“எங்க வீட்டுக்கும் அதான்” என்றான் அருண்பிரசாத் தரையைப் பார்த்துக்கொண்டு. “டூரிஸ்ட் ஃப்ளாட்டுக்கு வேற. நாங்க இருக்கிற வீட்டுக்கு அதான். அப்பா அன்னைக்கு கார் நிக்கோபார் கப்பல் ஜெட்டியில வேலைல இருந்தாரு.”

ஷீலாவுக்குத் தமிழ் புரியாது. ஆனால் லூசி விரல் விட்டுச் சொன்ன எண்களைப் பார்த்தாள். தன் வீட்டுக் கதவைக் காட்டி, “ஹமாரா பீ ஓஹி ஹை, தீதி” என்றாள். எங்களுக்கும் அதேதான். மாதாமாதம் மாற்ற வேண்டும் என்று விதி. ஒரு மாதம் வேறு எதையாவது வைத்து மறந்து, அடுத்த மாதம் எல்லாரும் தாமாக அதற்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஒரு கட்டடம் முழுக்க ஒரே நம்பர். நூறு தேதிகளைக் கூடாது கூடாது என்று தள்ளிய மனுஷருக்கு, அந்த ஒரு தேதியைக் கூடாது என்று எழுதத் தோன்றவில்லை.

“அவுக அத வைக்க மாட்டாக” என்றாள் மரகதம். “காலண்டர்ல அந்தத் தாளையே பாக்க மாட்டாக. ஒங்களுக்குத் தெரியாது.”

“அமுக்கிப் பாருக்கா. போனாப் போவுது.”

“கையில எடுக்கவே மாட்டாக லூசி அத.”

“அமுக்குக்கா.”

மரகதம் அமுக்கினாள். ரெண்டு, ஆறு, ஒண்ணு, ரெண்டு. கண்ணை நீர் மறைத்துப் பூஜ்யம் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. நாலு.

“ஸ்வாகத் ஹை” என்றாள் பூட்டுக்குள் இருந்தவள். உள்ளுக்குள் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

மார்ட்டின்தான் முதலில் ஓடி அவரை நிமிர்த்தினான். மரகதம் அடுப்படிக்கு ஓடிச் சீனி டப்பாவை அப்படியே கவிழ்த்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் அவர் கன்னத்துக்குள்ளே, ஈறில், தேய்த்துத் தேய்த்து விட்டாள். “முழுங்குங்க. முழுங்கித் தொலைங்க” என்று திட்டிக்கொண்டே தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் நாக்கை அசைத்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, கடைசியில் கிரில்லைப் பார்த்தார்.

“கிரில்ல ஏன்டா அறுத்த?” என்றார் மார்ட்டினிடம்.

“வந்துட்டாவ அண்ணன்” என்றாள் லூசி.

தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் கதவு திறந்திருப்பதைப் பார்த்து, இவ்வளவு தூரம் வந்ததற்கு அவரைப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இந்தியில் சொல்லி, சாயங்காலம் அனுப்பிவிட்டார். ஷீலா மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மரகதம் வாங்கி வைத்திருந்த சூரையை யாரோ எடுத்து ஆக்கியிருக்கிறார்கள், தக்காளி நிறையப் போட்டு.

அவர் முன்னால் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

“ஊருக்கெல்லாம் விதி எழுதுறீங்க. ஒரு இட்லிய எடுத்துத் தட்டுல வச்சுக்க ஒரு விதி எழுதிக்கக் கூடாதா? செத்துக் கெத்துப் போயிருந்தா நான் எவன்கிட்டப் போயி ஓடிபி கேக்குறது?”

உதயசூரியன் தலை குனிந்து பிசைந்துகொண்டிருந்தார். “எப்படித் திறந்த?”

“நீங்க வச்ச நம்பரப் போட்டுத்தான்.”

பிசைந்த கை நின்றது.

“எப்பிடி மனசு வந்துச்சு ஒங்களுக்கு?” என்றாள். கேட்க நினைத்தது அது இல்லை. “இத்தன வருஷம் அவ பேரச் சொல்லல. நானும் மறந்துட்டாகன்னே நெனச்சேன். திட்டிக்கிட்டே இருந்தேன் மனசுக்குள்ள, தெரியுமா ஒங்களுக்கு?”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எனக்கு மறதி வருது மரகதம். நீ பாக்கறியே. பாலு, நம்பரு, ஆளுங்க பேரு. ஒண்ணொண்ணா போகுது. போகட்டும். இதுவும் போயிடுமோன்னு பயமாயிடுச்சு. தண்ணிக்குள்ள அவ கைய விட்டதே நான்தான். அதையும் மறந்துட்டு நான் நிம்மதியா இருந்துட்டா? அதான் கதவுல வச்சேன். தினம் அமுக்கித்தானே வீட்டுக்குள்ள வரணும். விரலாவது ஞாபகம் வச்சுக்கும்.”

மரகதம் எழுந்துபோய் அடுப்படியில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து இன்னொரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்தாள்.

“விசாலிக்குச் சூரைன்னா ஆகாது” என்றார் அவர்.

“ஆமா. முள்ளு இல்லாட்டியும் துப்பிருவா” என்றாள் மரகதம்.

அந்த வாரம் சங்கக் கூட்டம் நடந்தது. எல்லார் வீட்டு நம்பரும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, பாதுகாப்பே போயிற்று, உடனே மாற்ற வேண்டும் என்று அருண்பிரசாத் எழுந்து பேசினான். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று செயலாளர் கேட்டதற்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உதயசூரியன் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதல் தேதி விதியை நீக்குவதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். டூரிஸ்ட் ஃப்ளாட்டுக்கு மட்டும் அது தொடரும் என்றார். சாவி டப்பாவை மரகதம் யாரையும் கேட்காமல் பீரோவிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகப் பழைய ஆணிகளில் மாட்டினாள். தன் வீட்டுச் சாவியை லூசியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறு கப்பலுக்கு மறுபடி பஜாருக்குப் போனாள். இந்தத் தடவை அவர் இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்பினாள். திரும்பி வந்தபோது உள்ளே டிவி சத்தம் கேட்டது. தட்டினால் அவரே வந்து திறப்பார். மரகதம் தட்டவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஆறு எண்களையும் நிதானமாக அமுக்கினாள்.

“ஸ்வாகத் ஹை” என்றாள் பூட்டுக்குள் இருந்தவள்.

மரகதம் அன்றைக்கு அவளைத் திட்டவில்லை.